ஆறாம் புள்ளி விழாத பக்கங்கள்

எனக்குக் கண் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் தெரிந்துகொண்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுவீர்கள். உச்சுக்கொட்டுகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

தஞ்சாவூரில் ஒரு பிரெயில் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் வசந்தா. ஆங்கிலப் பாடப் புத்தகங்கள்தான் என் பங்கு. என் இடத்தில் இப்போது இருக்கும் பிரவீன் போன மாதம் போன் செய்தான்.

"அக்கா, ஒரு வெப்சைட் கண்டுபிடிச்சேன். நமக்கு வேணுங்கற எழுத்தைத் தட்டினா போதும். அந்த எழுத்தெல்லாம் இருக்கற இங்கிலீஷ் வார்த்தை அத்தனையும் கொட்டுது. நீங்க இதெல்லாம் மனசுலயே தேடுவீங்களாமே, மெர்ஸி அக்கா சொன்னாங்க."

"எத்தனை வார்த்தை வந்துச்சு?"

"நூத்துக்கணக்குல வருது."

"அதுல எது வேணும், எது வேணாம்னு சொல்லுதா?"

"அதுக்குத்தானே அக்கா உங்களுக்கு போன் பண்ணேன்" என்றான். கெட்டிக்காரப் பையன். அவனும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். பெருமை பேசுகிறேன் என்று தோன்றினால், ஆமாம், பேசுகிறேன்.

பிரெயில் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடது பக்கம் மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று. வலது பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. எந்தெந்தப் புள்ளி புடைத்திருக்கிறது என்பதை விரல் தடவிப் பார்த்து எழுத்தை அறியும். புத்தகம் பருமனாகிவிடக் கூடாது என்பதற்காக ஆங்கிலத்தில் சுருக்கக் குறிகளும் உண்டு. டி-யும் ஹெச்-சும் சேர்ந்து வந்தால் இரண்டு கட்டத்துக்குப் பதில் ஒரு கட்டம் போதும். ஆனால் எல்லா இடத்திலும் போட முடியாது. சாலையில் இருக்கிற குழிக்கு 'பாட்ஹோல்' என்று ஒரு வார்த்தை. அதில் 'பாட்' வேறு, 'ஹோல்' வேறு; நடுவில் டி-யும் ஹெச்-சும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் சேர்த்து எழுதக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குழியில் நான் பலமுறை விழுந்திருக்கிறேன், புரூஃபிலும் சரி, மருத்துவக் கல்லூரிச் சாலையிலும் சரி.

அதனால் எங்கள் வேலையே தேடல்தான். இந்த எழுத்துக் கூட்டம் உள்ள வார்த்தைகள் எவை, அவற்றில் ஒட்டுபவை எவை, ஒட்டாதவை எவை. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து பஸ் ஏறி அச்சகம் வந்து சேருவதற்குள் ஏதாவது இரண்டு மூன்று எழுத்தை எடுத்துக்கொண்டு மனசுக்குள் வார்த்தை பிடித்துக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள். காற்று நன்றாக வரும்.

அப்பாவுக்குக் குத்தகை நிலம். சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது, விடுதிப் பள்ளி, படிப்பு, வேலை, எல்லாம் எல்லாருக்கும் நடப்பது போலத்தான் நடந்தது. அதை நீட்டப் போவதில்லை. எங்கள் மேற்பார்வையாளர் கோவிந்தராஜன் சாரைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவருக்குப் பார்வை உண்டு. பார்வையுள்ளவர்கள் எங்களிடம் செய்யும் எந்த உபத்திரவத்தையும் அவர் செய்ததில்லை. கையைப் பிடித்து இழுக்க மாட்டார். குரலை உயர்த்திப் பேச மாட்டார். கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று பாதி ஊர் நினைக்கிறது. ஒரு தாளைக் கொண்டுவந்தால், "வலது கைப் பக்கம், மேசை ஓரத்துல வச்சிருக்கேன்" என்பார், போய்விடுவார். பாராட்டும் கிடையாது. அவர் சொல்லும் "சரி"யில் இரண்டு வகை. இழுத்துச் சொன்னால் திரும்பப் பார்க்க வேண்டும். வெட்டிச் சொன்னால் அச்சுக்குப் போகலாம். பல வருஷம் அந்த வெட்டிய "சரி"க்காகத்தான் நான் வேலை பார்த்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

புத்தக வேலையோடு இன்னொரு வேலையும் எங்களுக்கு வந்தது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் உதவிக்கு எழுத ஆள் கொடுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். மாணவி சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றில் மட்டும், விரும்பினால், புள்ளிக்கு ஒரு சாவியாக ஆறு சாவி உள்ள பிரெயில் இயந்திரத்திலேயே எழுதலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அப்படி எழுதிய விடைத்தாள்கள் எங்களிடம் வரும். நான் விரலால் படித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன், எங்கள் டைப்பிஸ்ட் மெர்ஸி அடிப்பாள். அடித்ததை அவள் திரும்ப எழுத்தெழுத்தாகப் படிப்பாள், நான் விரலால் சரிபார்ப்பேன். அந்தப் பிரதிதான் திருத்துபவர் கைக்குப் போகும், மூலத்தாள் எங்களிடமே இருக்கும். தேர்வில் சுருக்கக் குறிகள் கூடாது, முழு எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. எனக்கும் அது வசதி.

இந்த வேலைக்கு கோவிந்தராஜன் சார் வைத்த சட்டம் ஒன்றுதான். "பிரதின்னா பிரதி. தாள்ல என்ன இருக்கோ அது. பிள்ளை தப்பா எழுதியிருந்தா தப்பாவே இருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது தோணினா தனித்தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட வைங்க. பிரதியில கை வைக்காதீங்க."

பிழை திருத்துகிறவளிடம் பிழையைத் தொடாதே என்று சொல்வது, பசித்தவள் முன்னால் இலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாதே என்று சொல்வது போல. ஆனாலும் நான் தொட்டதில்லை.

ஓர் ஏப்ரல் தேர்வில் தமிழரசியின் விடைத்தாள் வந்தது. பெயரெல்லாம் அப்போது தெரியாது, எண் மட்டும்தான். சீர்காழிப் பக்கத்து கிராமத்துப் பெண், இளங்கலை ஆங்கிலம் கடைசி வருஷம். இது பிறகு தெரிந்துகொண்டது. முதல் மூன்று பக்கம் விரலுக்கு விருந்து. அழுத்தமான புள்ளிகள், தெளிவான நடை. சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்ன கேள்விக்கு, ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷத்தைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தாள். நான்காம் பக்கத்தில் விரல் தடுக்கியது.

ஆறாம் புள்ளி மெலிந்திருந்தது. முதலில் அரை உயரம். பிறகு நொய்யரிசியைத் தடவுவது போல லேசாக ஒரு மேடு. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தில் ஆறாம் புள்ளி வேண்டியவை கடைசி ஆறுதான்: யு, வி, டபிள்யு, எக்ஸ், ஒய், இசட். அந்தப் புள்ளி விழாவிட்டால் கட்டம் காலியாகாது, வேறு எழுத்தாகிவிடும். யு எழுதினால் கே நிற்கும். வி எழுதினால் எல். டபிள்யு எழுதினால் ஜே. ஒய் எழுதினால் என். எக்ஸ் எம்மாகவும் இசட் ஓவாகவும் மாறும். முற்றுப்புள்ளிக்கும் அந்தப் புள்ளி வேண்டும். ஆக, நான்காம் பக்கத்துக்குப் பிறகு அந்தப் பெண் எழுதியது வாசிப்பவருக்கு வெறும் உளறலாக இருக்கும்.

"மெர்ஸி, இயந்திரம் கெட்டுப்போயிருக்கு" என்றேன்.

"என்னக்கா பண்றது?"

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சட்டப்படி செய்தேன். உளறலை உளறலாகவே சொல்லி அடிக்க வைத்தேன். 'இயர்' என்று வருஷத்தைச் சொல்லும் வார்த்தை 'நியர்' என்று நின்றது. 'வெட் ஃபீல்ட்ஸ்', அதாவது அவளுடைய அம்மா நாற்று நடுகிற ஈர வயல், 'ஜெட் ஃபீல்ட்ஸ்' ஆகிப் பறந்தது. மெர்ஸி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், பிறகு ஆத்திரம் வந்தது. தனித்தாளில் விவரமாக எழுதினேன்: இன்ன இடத்திலிருந்து ஆறாம் புள்ளி விழவில்லை, இது எழுதியவர் பிழையல்ல, இயந்திரக் கோளாறு என்பது என் கருத்து. கையெழுத்துப் போட்டு சாரிடம் கொடுத்தேன். வெட்டிய "சரி" கிடைத்தது.

ஜூனில் அந்தப் பெண்ணே நேரில் வந்தாள். கூட அவள் அம்மாவும் வந்தார்.

"பிரதி எடுத்தது நீங்கதானாமே. நான் ஃபெயில் ஆயிட்டேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை, கோபம்தான் இருந்தது. "அந்த ஒரு பேப்பர்தான். மத்ததெல்லாம் நல்ல மார்க். காலேஜ்ல பிரதியைப் படிச்சுக் காட்டினாங்க. நான் அப்படி எழுதலை."

"நீ அப்படி எழுதலைன்னு எனக்குத் தெரியும்மா. தனியா ஒரு தாள்ல எழுதி வச்சேனே."

"அப்படி எந்தத் தாளும் இல்லைன்னு சொல்றாங்க."

பிரதியைத் திருத்துபவரிடம் அனுப்பும்போது அடையாளம் தெரியக்கூடாது என்று கல்லூரியில் மேலே உள்ளதையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டு வேறு எண் போடுவார்கள். என் தனித்தாளும் அப்படியே கழன்று எங்கோ போயிருக்கிறது.

அவள் அம்மா மெதுவாகப் பேசினார். "எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாதுங்க. மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்க, நாத்து விட ஆரம்பிச்சாச்சு, நடவுக்கு ஆள் பேசறாங்க. இவ பி.எட். சேரணுங்கறா. பாஸ் இல்லேன்னா சீட்டு இல்லையாம். ஒரு வருஷம் வீட்ல இருன்னா, அப்புறம் இவளை யாரு படிக்க அனுப்புவா? இவ அப்பா இப்பவே, கண்ணு தெரியாத பொண்ணுக்கு எதுக்குன்னு ஆரம்பிச்சுட்டாரு."

"அம்மா, அதை ஏன் இங்க சொல்றே?" என்றாள் தமிழரசி.

நான் நேராக கோவிந்தராஜன் சார் அறைக்குப் போனேன். "உங்க தனித்தாள் தனியாவே போயிடுச்சு சார்" என்றேன். நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"என் ஏற்பாட்டுல ஓட்டை இருக்கு, வசந்தா. பிரதி கெடாம பார்த்தேன், தாள் போய்ச் சேர்ந்துதான்னு பார்க்கல. நானே காலேஜுக்கு வர்றேன். நீங்களும் வாங்க. அந்தப் பொண்ணும் வரட்டும்."

கல்லூரியில் தேர்வு அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இயந்திரத்தைப் பார்க்கலாம் என்றால், விடுமுறையில் எல்லாவற்றையும் சர்வீஸுக்கு அனுப்பித் திரும்ப வாங்கிவிட்டார்கள். எந்த மாணவி எதில் எழுதினாள் என்று குறித்து வைக்கவில்லை. எல்லாமே இப்போது நன்றாக ஓடுகின்றன. ஆக, மிஞ்சியது அந்த விடைத்தாள் மட்டும்தான். ஆங்கிலத் துறைத் தலைவரும் வந்து உட்கார்ந்தார். வயதான அம்மாள், நிதானமான குரல்.

"எழுதினதைத் தடவிப் பார்க்கலையாம்மா?" என்று தமிழரசியைக் கேட்டார்.

"நேரம் பத்தல மேடம். நீங்க எக்ஸாம்ல ஒவ்வொரு வரியையும் திரும்பிப் படிச்சுப் படிச்சா எழுதினீங்க?"

துறைத் தலைவர் சிரித்தார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

"இயந்திரம்தான் காரணம்னு எப்படி நம்பறது?" என்று அதிகாரி கேட்டார். "விரல் வலுவில்லாம அந்த ஒரு சாவியைச் சரியா அழுத்தாம விட்டிருக்கலாமே. அப்பவும் இப்படித்தானே வரும்?"

நியாயமான கேள்வி. அதற்குத்தான் நான் முந்தின நாள் முழுக்க அந்தத் தாளைத் தடவிக்கொண்டிருந்தேன். முதலில் ஆறாம் புள்ளி வேண்டிய எழுத்துள்ள வார்த்தைகளைத் தேடினேன். முதல் மூன்று பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் கிடைத்தன. ஐந்தாம் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒன்றுகூட இல்லை. யு-வும் ஒய்-யும் டபிள்யு-வும் இல்லாமல் யாராலும் ஆங்கிலத்தில் அத்தனை பக்கம் எழுத முடியாது. ஆனால் அதிகாரியின் கேள்விக்கு அது பதிலாகாது. பதில் வேறு இடத்தில் இருந்தது.

"மேடம், பேருக்கோ வாக்கியத்துக்கோ முதல் எழுத்து பெரிய எழுத்தா வரணும்னா, அதுக்கு முன்னால ஒரு கட்டத்துல ஆறாம் புள்ளியை மட்டும் தனியாப் போடுவோம்" என்றேன். "அந்த இயந்திரத்துல ஏதாவது ஒரு சாவியை அழுத்தினாத்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும். அழுத்தலைன்னா நகராது. ஐந்தாம் பக்கத்துலேருந்து பெரிய எழுத்து வரவேண்டிய இடத்துல எல்லாம் பாருங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா கண்ணுக்கே தெரியும். ஒரு கட்டம் கூடுதலா காலியா இருக்கும். விரல் அழுத்தியிருக்கு, இயந்திரம் நகர்ந்திருக்கு, புள்ளி மட்டும் விழல."

"இடைவெளிச் சாவியை ரெண்டு தடவை தட்டியிருக்கலாமே?" என்றார் துறைத் தலைவர்.

"தட்டியிருக்கலாம் மேடம். ஆனா தெரியாம தட்டற கை, பேர் வர்ற இடமும் வாக்கியம் ஆரம்பிக்கற இடமும் பார்த்துப் பார்த்துத் தட்டுமா? மத்த இடத்துல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

அவர் தாளை வாங்கினார். எங்கள் டைப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொன்றாகப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தமிழரசியின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசியில், "இருக்கு. பெரிய எழுத்து வரவேண்டிய எல்லா இடத்துலயும் இருக்கு. வேற எங்கயும் இல்ல" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"பொண்ணு மேல தப்பில்ல, ஒத்துக்கறேன்" என்றார் துறைத் தலைவர். "மறுதேர்வு வைக்கலாம், ஆனா அது நவம்பர்லதான். பி.எட். சேர்க்கை அதுக்குள்ள முடிஞ்சிடும். இப்பவே திருத்தணும்னா படிக்கற மாதிரி ஒரு பிரதி வேணும். அதை யாரு எழுதறது? நீங்க. எந்த எழுத்து விழுந்தது, எந்த எழுத்து விழலைன்னு ஒவ்வொரு வார்த்தையிலும் நீங்க முடிவு பண்ணினா, தேர்வு எழுதினது இவளா, நீங்களா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அப்போதுதான் கோவிந்தராஜன் சார் பேசினார்.

"ஒரு வழி இருக்குங்க. ஒவ்வொரு சந்தேகமான எழுத்துக்கும் ரெண்டு வாய்ப்பு. ரெண்டையும் போட்டுப் பார்ப்போம். ஒண்ணுதான் இங்கிலீஷ் வார்த்தையா வருதுன்னா அதை எழுதுவோம். ரெண்டுமே வார்த்தையா வந்துட்டா, பிள்ளைக்கு எது பாதகமோ அதை எழுதுவோம். அகராதியில இருந்தா போதும், யாருக்கும் தெரியாத வார்த்தையா இருந்தாலும் சரி. அப்படி எடுத்த பிரதியை யாரும் சந்தேகப்பட முடியாது."

"சார், அது அநியாயம்" என்றேன், எல்லார் முன்னாலும்.

"நம்ம பேச்சு செல்லணும்னா இதுதான் வழி, வசந்தா."

துறைத் தலைவர் ஒத்துக்கொண்டார். தமிழரசியிடம் கேட்டார்கள். "எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என் வேலைக் காலத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். வார்த்தை தேடுவது எனக்குக் கஷ்டமே இல்லை. ஒரு வார்த்தையில் இரண்டு என்-னும் ஒரு எல்-லும் இருந்தால், ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அந்த எழுத்துகளால் ஆங்கிலத்தில் என்னென்ன நிற்க முடியும் என்று மெர்ஸி காகிதத்தில் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் நிற்கும், மற்றதெல்லாம் சக்கை. ஆனால் இந்த முறை நான் தேடியது அந்தப் பெண்ணுக்கு எதிராக. அவள் எழுதியது இன்னது என்று விரலுக்குத் தெரிந்த பிறகும், அதைக் கெடுக்க இன்னொரு வார்த்தை இருக்கிறதா என்று அகராதியைக் குடைய வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் பஸ்ஸில் பிடித்து வைத்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து அவள் மார்க்கைத் தின்றன. 'இயர்' இருந்த இடத்தில் மறுபடியும் 'நியர்'. பரந்த வயலைச் சொல்லும் 'வாஸ்ட்' கடைசியைச் சொல்லும் 'லாஸ்ட்' ஆனது. ஈர வயல் மறுபடியும் ஜெட் விமானமானது.

"அக்கா, இது யாருக்கும் தெரியாது, விட்டுடலாமா?" என்று ஓரிடத்தில் மெர்ஸி கேட்டாள். பழைய அகராதியில் மட்டும் கிடக்கும் ஒரு வார்த்தை அது.

"எனக்குத் தெரியும்ல" என்றேன். "அடி."

வேலை முடிந்து சாரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சந்தேக இடத்தையும் மெர்ஸியை வைத்துச் சரிபார்த்தார். வெட்டிய "சரி" வந்தது. எனக்கு அன்று அது இனிக்கவில்லை. பிரதியை அவரே எடுத்துக்கொண்டு போய், துறைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

தமிழரசி பாஸானாள். இத்தனை வார்த்தை பறிபோன பிறகும் பாஸானாள். அந்தச் செய்தி வந்த அன்று அச்சகத்தில் மெர்ஸி எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாள். நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வருவாள், நன்றி சொல்வாள், நான் பெருந்தன்மையாக "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லலாம் என்று பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வந்தாள். பி.எட். சேர்க்கைக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்காலி இருக்கும் இடத்தைச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, ஜெட் ஃபீல்ட்ஸ்னு போட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"நான் வெட்னு எழுதினது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டீங்க."

"தெரிஞ்சேதான் போட்டேன். அப்படிப் போட்டதாலதான் மத்ததை நம்பினாங்க. நீ பாஸாகிட்டேல்ல?"

"பாஸானது நான் எழுதினதுக்கு. அதுக்கு நான் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்ல. பாக்கி மார்க்கும் என்னோடதுதான். எங்கம்மா நட்ட வயல் அது. அதைப் போய் ஜெட்டுன்னு எழுதி வச்சிருக்கீங்க. எனக்கு அதைத் திருப்பிக் கொடுங்க."

மெர்ஸி என் தோளைத் தொட்டாள், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்பது போல. எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை தடவை நன்றி சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் இடம் கொடுத்தவருக்கு, கேட்காமலே கையைப் பிடித்து ரோடு தாண்டி விட்டவருக்கு, வேலை கொடுத்தவருக்கு, வேலையில் இருக்க விட்டவருக்கு. என் சம்பளத்தை வாங்கும்போதுகூட நன்றி சொல்லித்தான் வாங்கினேன். அது என் சம்பளம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்தப் பெண் என் முன்னால் நின்று தன்னுடையதைக் கேட்கிறாள்.

"உட்காரு, மனு எழுதுவோம்" என்றேன்.

இரண்டு வார்த்தை பொருந்திய இடங்களைப் பற்றி மாணவியை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனு எழுதினோம். அவள் சொன்னாள், நான் வாக்கியத்தைச் சீர் செய்யப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள். தன் வாக்கியமாகவே இருக்கட்டும் என்றாள். அப்படி ஒரு மனுவை ஏற்க விதியில் இடமில்லை என்று கல்லூரியில் முதலில் சொல்லியிருக்கிறார்கள். துறைத் தலைவர் அம்மாள்தான், "விதி இல்லேன்னா கேட்கக் கூடாதுன்னும் விதி இல்லையே" என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாராம். நாற்று நடும்போது வயல் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், கால் எதுவரை புதையும், தண்ணீர் வராத வருஷத்தில் அதே வயல் எப்படி வெடித்துக் கிடந்தது என்றெல்லாம் இவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. கல்லூரி வாசலிலிருந்து பேசினாள். பின்னால் பஸ் ஹாரன் காதைத் துளைத்தது.

"அக்கா, ஏறிடுச்சு!"

"எவ்வளவுடி?"

"ரெண்டு!"

அந்த இரண்டு மார்க்கால் அவளுக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. சீட்டு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. தேர்ச்சி வகுப்பும் மாறவில்லை. ஆனாலும் அவள் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். "ரெண்டுக்கா! ரெண்டும் என்னோடது! எங்கம்மாகிட்ட இப்பத்தான் சொன்னேன். வயல்ல இருக்காங்க. ரெண்டா, ரெண்டுதானான்னு கேட்கறாங்க!"

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அறையிலிருந்து வந்த கோவிந்தராஜன் சார் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"நாம கொடுத்தோமா, வசந்தா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன். "அவ வாங்கிக்கிட்டா."